கருங்கரடி வேட்டைக்கு முதல் ரைஃபிள்: எதை வாங்கறது, எந்தத் தோட்டா போடறது

கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல வசந்த கால கரடி வேட்டையை 1999ல நிறுத்துனாங்க, 2014ல சில பகுதிகள்ல மட்டும் சோதனையா திரும்ப ஆரம்பிச்சு 2021ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. இப்ப நம்ம ஆளுங்க சிலர் லைசென்ஸ் எடுத்துட்டு முதல்ல கேக்கறது "அண்ணா, கரடிக்கு எந்த காலிபர்?"ங்கறதுதான், அதாவது எந்த அளவு தோட்டா போடற ரைஃபிள்னு. என்னைக் கேட்டா காலிபரை விட முக்கியமானது ரெண்டு இருக்கு. ஒண்ணு, சுடும்போது ரைஃபிள் பின்னாடி தள்ளற உதையை உங்க தோள் பயமில்லாம தாங்கணும். இன்னொண்ணு, குண்டு கரடிக்குள்ள ஒரு பக்கம் புகுந்து மறுபக்கமா வெளிய வரணும். மிச்சம் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இது கனடாவுக்கு எழுதுனது. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கரடியை வேட்டையாடறது குற்றம், அங்க இதுக்கு வழியே கிடையாது.

ஸ்டெப் 1: பேப்பர் வேலை

துப்பாக்கி பாதுகாப்பு கோர்ஸ் முடிச்சு பிஏஎல், அதாவது துப்பாக்கி வச்சுக்கற லைசென்ஸ் எடுக்கணும், அது கையில இல்லாம கடைக்காரர் ரைஃபிள் விக்க மாட்டார். வேட்டைக்கு தனி கோர்ஸ், அவுட்டோர்ஸ் கார்டுங்கற அடையாள அட்டை, அதுக்கு மேல கரடி அடிக்கற அனுமதியான டேக். .22 மாதிரி ரிம்ஃபயர் ரைஃபிளால (சின்னத் தோட்டா, கூட்டோட அடி விளிம்புல தட்டி வெடிக்கற ரகம்) ஒன்டாரியோல கரடியை சுடக்கூடாது. வசந்த காலத்துல குட்டியோட இருக்கற பெண் கரடியையும் தொடக்கூடாது. சீசன் தேதியும் விதியும் ஏரியாவுக்கு ஏரியா மாறும், அந்தந்த வருஷ விதிப் புத்தகத்தை படிச்சுட்டு போங்க.

ஸ்டெப் 2: கரடியோட உடம்பை புரிஞ்சுக்கோங்க

இதை நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க, ஆனா தோட்டா தேர்வே இங்கதான் ஆரம்பிக்குது. மான் மாதிரி ஒல்லி உடம்பு இல்லை, தோள்ல கனமான எலும்பு, நல்ல சதை, இலையுதிர் காலத்துல தோலுக்கு அடியில கெட்டியான கொழுப்பு, அதுக்கு மேல நீளமான அடர்ந்த முடி. அடிபட்ட ஓட்டையை அந்த கொழுப்பு அடைச்சிடும், வர்ற ரத்தத்தை முடி உறிஞ்சிக்கும், அதனால மானுக்கு கிடைக்கற மாதிரி தரையில ரத்தத் தடம் தெளிவா கிடைக்காது. குண்டு மறுபக்கமும் வெளிய வந்தா, குறிப்பா கீழ்ப்பக்கமா ஒரு ஓட்டை இருந்தா, தேடிப் போக ஏதாவது கிடைக்கும். இல்லைன்னா இருட்டுற நேரத்துல புதருக்குள்ள அடிபட்ட கரடியை தேடணும், உங்களுக்கும் ஆபத்து, அதுக்கும் சித்திரவதை.

இன்னொண்ணு, வயித்து முடி கீழ தொங்கறதால உடம்பு இருக்கறதை விட ஆழமா தெரியும். பக்கவாட்டுல நிக்கும்போது முன்னங்காலோட பின் ஓரத்தை ஒட்டி, உடம்போட நடு உயரத்துக்கு கொஞ்சம் கீழ குறி வைக்கணும். முன்னங்கால் முன்னாடி எட்டி வைக்கற வரைக்கும் காத்திருங்க. தலையிலயோ நேருக்கு நேர் நெஞ்சுலயோ புதுசா வர்றவங்க சுடவே வேண்டாம்.

ஸ்டெப் 3: தோட்டா

தோட்டான்னா பித்தளைக் கூடு, மருந்து, முனையில குண்டு எல்லாம் சேர்ந்த முழு செட். பெட்டியில "165 கிரெய்ன்"னு போட்டிருந்தா அது குண்டோட எடை மட்டும், கிரெய்ன்ங்கறது ஒரு சின்ன எடை அளவு.

புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது .308 வின்செஸ்டர். 1952ல வந்தது, எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும், உதை தாங்கக்கூடியது, 165 இல்ல 180 கிரெய்ன் போட்டா கருங்கரடிக்கு தாராளம். 1906லயே வந்த .30-06 கொஞ்சம் கூடுதல் பலம், கூடுதல் உதை. உடம்பு சின்னதா இருக்கறவங்க, உதைக்கு பயப்படறவங்க 7எம்எம்-08 எடுங்க, 140 கிரெய்ன் நல்ல குண்டோட அது வேலையை சுத்தமா முடிக்கும். .243ஐ நான் சொல்ல மாட்டேன், அனுபவசாலிங்க அதுல அடிப்பாங்க, ஆனா குண்டு லேசு, எலும்புல பட்டா தப்பு பண்ண இடம் ரொம்ப கம்மி.

கரடிக்கு தீனி வச்சு உக்காந்து சுடறதுன்னா தூரம் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்ளதான். அங்க 1895ல வந்த .30-30 இன்னைக்கும் அருமையா வேலை செய்யும், 170 கிரெய்ன் போடுங்க. .45-70 இன்னும் பெரிய ஓட்டை போடும். ஆனா ஒரு எச்சரிக்கை, அது 1873ல வந்த தோட்டா, நவீன ரைஃபிளுக்குன்னே அழுத்தம் கூட்டி செஞ்ச பெட்டிகள் இருக்கு, அதை தாத்தா காலத்து துப்பாக்கியில போட்டா துப்பாக்கியே வெடிக்கலாம்.

.300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கலாமான்னு கேப்பாங்க. அதோட உதை .308ஐ விட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. உதைக்கு பயந்து சுடும்போது கண்ணை மூடி தோளை சுருக்கற பழக்கம் வந்துட்டா அதை விரட்டறது ரொம்ப கஷ்டம், அதுக்காகவே முதல் ரைஃபிளுக்கு அது வேண்டாம்னு சொல்றேன்.

காலிபரை விட குண்டோட கட்டுமானத்துக்கு காசு செலவு பண்ணுங்க. உடைஞ்சு சிதறற குண்டு வேண்டாம். நாஸ்லர் பார்ட்டிஷன், பார்ன்ஸோட முழு செம்பு குண்டு, ஃபெடரல் ஃப்யூஷன் இந்த ரகங்கள் விரிஞ்சாலும் எடையை பெரும்பாலும் இழக்காம உள்ள ஊடுருவும்.

ஸ்டெப் 4: ரைஃபிள்

போல்ட் ஆக்ஷன் (கைப்பிடியை பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளி தோட்டா ஏத்தறது) இல்ல லீவர் ஆக்ஷன் (விசைக்கு அடியில இருக்கற நெம்புகோலை ஆட்டி ஏத்தறது), இந்த ரெண்டுல ஒண்ணு போதும். கனடாவுல 2020 மே மாசத்துல இருந்து நிறைய செமி-ஆட்டோ (தானா அடுத்த தோட்டா ஏறற) மாடல்களை தடை பண்ணிட்டே வர்றாங்க, முதல் ரைஃபிளுக்கு அந்த தலைவலி தேவையில்லை. போல்ட்ல ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் விலை கம்மி, டிக்கா டி3எக்ஸ் கொஞ்சம் அதிகம் ஆனா போல்ட் வழுவழுன்னு ஓடும். இடது கைக்காரங்க இடது கை போல்ட்டே கேட்டு வாங்குங்க. அடர்ந்த காட்டுக்கு மார்லின் 336 மாதிரி லீவர் கைக்கு அடக்கமா இருக்கும். அதுல தோட்டா வரிசையா நிக்கற குழாய் மேகசின், ஒரு குண்டோட முனை முன்னாடி தோட்டாவோட பிரைமர்ல (அடியில தட்டினா மருந்தை பத்த வைக்கற மூடி) இடிச்சு நிக்கும், அதனால தட்டையான முனையோ அதுக்குன்னே செஞ்ச மெத்து முனையோ மட்டும்தான் போடணும், கூர் முனை கூடவே கூடாது.

கடையில தோள்ல வச்சு கண்ணை மூடி திறந்து பாருங்க, ஸ்கோப் நேரா கண்ணுக்கு வரணும். பேரல்ல பொறிச்சிருக்கற பேரும் தோட்டா அடியில இருக்கற பேரும் ஒண்ணான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும்.

ஸ்டெப் 5: ஸ்கோப்பும் பயிற்சியும்

2-7 இல்ல 3-9 மடங்கு ஸ்கோப் போதும், காட்டுக்குள்ள எப்பவும் குறைஞ்ச மடங்குல வச்சிருங்க. அதிக மடங்குல கிட்ட நிக்கற கரடி வெறும் கறுப்பா நிறைஞ்சு தெரியும், எது தோள்னே புரியாது. கரடி வர்றது சாயங்கால மங்கல்ல, அதனால மடங்கை விட கண்ணாடி தெளிவுக்கு காசு குடுங்க.

100 கஜத்துல சைட்-இன் பண்ணுங்க, அதாவது குறி வைக்கற இடத்துலயே குண்டு படற மாதிரி ஸ்கோப்பை சரி பண்ணுங்க, வேட்டைக்கு கொண்டு போற அதே பெட்டி தோட்டாவால. அப்படி செட் பண்ண .308 200 கஜத்துல 3, 4 அங்குலம் இறங்கும், .30-30 சுமார் 8 அங்குலம், தூரத்துக்கு ஆசைப்படாதீங்க. பெஞ்சுல குறி சரியானதும் உக்காந்து, முட்டி போட்டு, நின்னு சுட்டு பழகுங்க. சுட்ட உடனே தோள்ல இருந்து எடுக்காம அடுத்த தோட்டாவை ஏத்தற பழக்கமும் இங்கயே வரணும், ஏன்னா கரடி அசையறது நிக்கற வரைக்கும் நீங்க ரெடியா இருக்கணும். வடக்க போற ரோட்டுல வண்டி குலுங்கி ஸ்கோப் நகர வாய்ப்பு இருக்கு, கேம்ப் போனதும் பாதுகாப்பான இடத்துல ரெண்டு ரவுண்டு சுட்டு குறி மாறலைன்னு பாத்துட்டு அப்புறம் போய் உக்காருங்க.