எஸ்டிஆர் டாங்கிளைக் கணினியில் நேரடியாகச் செருகாதீர்கள்

எஸ்டிஆர் டாங்கிள் என்பது ரேடியோ சிக்னலை மென்பொருள் வழியாகக் கணினியில் பார்க்கவும் கேட்கவும் உதவும் சிறிய யுஎஸ்பி ரிசீவர். ஆர்டிஎல்-எஸ்டிஆர் போன்ற டாங்கிளை ஒன்றிரண்டு மீட்டர் நீளமுள்ள, ஷீல்டு உள்ள யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டிக் கணினியிலிருந்து தள்ளி வையுங்கள். டாங்கிள் பக்க முனைக்கு அருகே ஒரு கிளிப் ஃபெரைட்டை (கேபிளில் மாட்டும், இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) எடுத்து, கேபிளை அதற்குள் மூன்று நான்கு சுற்று சுற்றி மூடுங்கள். வாட்டர்ஃபாலில் (சிக்னல்களை ஓடும் படமாகக் காட்டும் மென்பொருள் திரை) எந்நேரமும் அசையாமல் நிற்கும் செங்குத்து இரைச்சல் கோடுகளில் பல மங்கிவிடும், சில காணாமலே போகும்.

கணினியின் மின்வழங்கியும் மதர்போர்டும் எழுப்பும் இரைச்சல், காற்று வழியாக மட்டுமல்ல, யுஎஸ்பி கேபிளின் வெளியுறை வழியாகவும் ஆன்டெனா வரை ஏறும். தூரம் முதலாவதைக் குறைக்கும், ஃபெரைட் இரண்டாவதை அடக்கும். கூடவே ஒரு நன்மை: டாங்கிளை ஆன்டெனாவுக்கு அருகே கொண்டுபோனால் ஆன்டெனாவை டாங்கிளோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் குட்டையாகும். 144, 430 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் மெல்லிய கோஆக்ஸ் தின்னும் சிக்னல் கொஞ்சநஞ்சமல்ல. யுஎஸ்பியில் போவதோ டிஜிட்டல் தரவு, அதற்கு அந்த இழப்பு கிடையாது.

ஆனால் யுஎஸ்பி 2.0 கேபிள் மொத்தமாக 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தரவு விட்டுவிட்டு வரும். யுஎஸ்பி 3.0 வேகத்தில் ஓடும் பெரிய எஸ்டிஆர்களுக்கு இந்த வழி வேண்டாம், கூட வந்த குட்டைக் கேபிளே சரி. இரைச்சல் எல்இடி விளக்கிலிருந்தோ சார்ஜரிலிருந்தோ வந்தாலும் இதனால் பெரிய பயன் இருக்காது. லேப்டாப் என்றால் முதலில் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் காரணம் அதுதான்.