மலைப்பாதையில் பிளந்த ஷூவைக் கட்டிய விதம்

ஜார்ஜியாவில் மெஸ்டியாவிலிருந்து உஷ்குலிக்கு நடந்து போகும் வழியில், அதிஷி கிராமத்துக்கு இறங்கும்போது வலது ஷூவின் சோல் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. ஷூ தைக்க அங்கே ஆள் இல்லை. மறுநாள் பாதையிலோ பனி உருகி ஓடும் ஓர் ஆறும், சுமார் 2,700 மீட்டர் உயரக் கணவாயும்!

டேப் மட்டும் சுற்றினால் ஈரப்பாறையில் சீக்கிரமே உரிந்துவிடும். கைகொடுத்தது மெல்லிய நைலான் கயிறுதான். ராத்திரி உள்சோலை உருவிப்போட்டு ஷூவை நன்றாகக் காயவைத்தேன். காலையில் காலில் மாட்டிக்கொண்டு, சோலின் அடிப்பள்ளங்களுக்குள் கயிறு புதையும்படி இரண்டு சுற்று. பள்ளத்துக்குள் இருந்தால்தான் கல்லில் தேய்ந்து அறாது. பிறகு பாதத்தின் மேல் குறுக்காக இழுத்து, கணுக்காலுக்குப் பின்னால் கொண்டுபோய், வெளிப்பக்கம் முடிச்சு.

பனி உருகி மதியத்துக்கு மேல் ஆற்றில் தண்ணீர் ஏறும் என்பதால் விடிந்ததுமே கிளம்பினேன். கட்டணம் கொடுத்துக் குதிரையில் கடந்ததால் கட்டு நனையவில்லை. ஓய்வெடுக்கும்போதெல்லாம் இறுக்கிக்கொண்டே உஷ்குலி வரை நடந்துவிட்டேன்.

நடுச்சோல் பாலியூரிதேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்றால், ஷூ அலமாரியில் சும்மா கிடந்தாலும் காற்றின் ஈரம் அதை அரிக்கும். பழைய ஜோடியைப் பயணத்துக்கு எடுக்குமுன் வளைத்துப் பாருங்கள்.