“தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?”: நெல்லைக்குப் புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறுகள்

மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த புதிது. பாத்திர மூட்டையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அப்பாவுக்கு நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் வியர்வை. 108-க்குப் போன் போட்டு, “திருநெல்வேலி பஸ் ஸ்டாண்ட் பக்கம்” என்றேன். இந்த ஊரில் பஸ் ஸ்டாண்ட் ஒன்றா இருக்கிறது? ஜங்ஷனில் ஒன்று, வேய்ந்தான்குளத்தில் ஒன்று, பாளையில் ஒன்று. வண்டி வேய்ந்தான்குளத்தில் போய் நின்றது. நாங்கள் இருந்ததோ பாளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெரு. கீழ்வீட்டு அண்ணாச்சி என் கையிலிருந்து போனை வாங்கி வழி சொன்ன பிறகுதான் வந்து சேர்ந்தது. நல்லவேளை, அப்பா பிழைத்துக்கொண்டார்.

108-ஐ எடுத்துப் பேசுபவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். நம் தெரு முக்கு டீக்கடை அவருக்குத் தெரியாது. மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்துக் கோயிலோ பள்ளிக்கூடமோ என்று அந்த வரிசையில் சொல்லுங்கள். தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டமாகிவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் சங்கரன்கோவிலை “நெல்லை மாவட்டம்” என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நீங்களும் அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

அன்றைக்கு நான் செய்த இன்னொரு தவறு, போன் போடுவதற்கு முன்பே இருபது நிமிஷத்தை வீணாக்கியது. ஆபீஸில் ஒவ்வொருவரையும் எழுப்பி, “தெரிஞ்ச டாக்டர் யாராவது இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் புதுசு என்றால் சிபாரிசு இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஒரு நினைப்பு. பாளை ஐகிரவுண்டில் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு ராத்திரி பகல் பாராமல் திறந்திருக்கும். ஆள் தெரிய வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம். சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும், அடிபட்டவர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும். கங்கைகொண்டான் சிப்காட்டிலும் கூடங்குளத்திலும் வேலை பார்க்கிற வடமாநிலத் தம்பிகளில் பலருக்கு இது தெரிவதில்லை.

மனசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த ‘தெரிஞ்ச ஆள்’ இன்னும் மோசமாக வழி காட்டுவார். தூக்கமில்லை, யாரோ பேசுகிற மாதிரி காதில் கேட்கிறது என்று சொன்னால், பக்கத்து வீட்டு எக்கா நல்லெண்ணத்தோடு கோடாங்கியிடம் கூட்டிப் போவார். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. திருநீறு பூசிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம். ஆனால் கட்டிப்போடுகிற இடத்தில் ஆளை விட்டுவிட்டு வரக்கூடாது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை முழுக்கத் தடை செய்திருக்கிறது.

முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் அரசு மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழ் தவிர இந்தி உட்பட வேறு மொழிகளிலும் பேசலாம். நேரில் காட்ட வேண்டுமானால் ஐகிரவுண்டிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பழைய ஊர் டாக்டர் எழுதித் தந்த மருந்துச் சீட்டை எடுத்து வராமல் வந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கிற தவறு. சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தர மாட்டார்கள். சரி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வியாதி திரும்பிவிடும்.

இனி குடி. நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள்: “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்.” கொடுக்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தத் தருகிற டைசல்பிராம் மாதிரி மருந்து கலந்திருந்தால், அது உள்ளே இருக்கும்போது குடிக்கிறவருக்கு வாந்தி, படபடப்பு எல்லாம் வந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் தந்தால்கூட, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துதான் தர வேண்டிய மருந்து அது.

இன்னொன்று, ரூமில் போட்டுப் பூட்டி “இன்னிக்கோட நிறுத்து” என்பது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து இல்லாத பூச்சியும் ஆளும் தெரிந்து, இருக்கிற இடம் புரியாமல் உளறுவார். அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து, வேப்பிலை தேடிப் போகிற வீடுகள் உண்டு. குடி நின்றதால் மூளை படுகிற பாடு அது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நிறுத்துவதையே மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கினால் இந்த நிலைமை பெரும்பாலும் வராது.

போதை மறுவாழ்வு மையம் தேடுகிறவர்கள் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா, நாம் போய்ப் பார்த்துப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். “ஒரு மாசம் போனே கிடையாது, நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொல்கிற இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடலாம். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14446-க்குப் பேசுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை சொல்வதற்கென்றே உள்ள எண்.

கடைசியாகப் போலீஸ் பயம். வீட்டில் யாராவது விஷம் குடித்துவிட்டால், கேஸாகிவிடும், புது ஊரில் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கப் பார்க்கிறார்கள். உப்புத் தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் இன்னும் கேடு. எதையும் ஊற்றாமல், குடித்த டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும், அது நடைமுறை. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது அதே 2017 சட்டம். பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையோடு போய்விட்டது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எதைக் குடித்தார், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் அவரால் வேலை பார்க்க முடியும்.