ஸ்விட்சையே ரவுட்டராக்கினால் வேகம் ஏன் படுக்கிறது?

மைக்ரோடிக் சிஆர்எஸ்326-24ஜி-2எஸ்+ ஸ்விட்சில் ரவுட்டர்ஓஎஸ்ஸும் (மைக்ரோடிக் ரவுட்டர்களின் இயங்குதளம்) ஓடும். அப்புறம் தனி ரவுட்டர் எதற்கு என்று தோன்றும். ஒரே விலானுக்குள் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போகும் டிராஃபிக்கை ஸ்விட்ச் சிப்பே முழு வேகத்தில் கடத்திவிடும். ஆனால் நாட் (பல சாதனங்கள் ஒரே இணைய முகவரியைப் பகிர்வது), பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு லாகின் செய்யும் இணைப்பு), கியூ (வேகக் கட்டுப்பாடு) என்று வந்தால் பாக்கெட் எல்லாம் 800 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் சிபியுவுக்குப் போகும், அது திணறும்.

சோதிப்பது எளிது. இரண்டு விலான்களுக்கு இடையே ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனைக் கருவியை ஓட்டி, மைக்ரோடிக்கின் நிர்வாக மென்பொருளான வின்பாக்ஸில் சிபியு அளவைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் 940 எம்பிபிஎஸ் பக்கம் வர வேண்டும். அதற்கு வெகு முன்பே சிபியு 100% தொட்டால், பெரும்பாலும் எல்3 ஹார்டுவேர் ஆஃப்லோடு (விலான்களுக்கு இடையேயான ரவுட்டிங்கை சிபியுவுக்குப் பதில் சிப்பே செய்யும் வசதி) போடாமல் இருக்கிறது. ரவுட்டர்ஓஎஸ் 7-இல் ஸ்விட்ச் செட்டிங்கில் அதை இயக்கலாம். விலான்கள் ஒரே பிரிட்ஜில் (போர்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: சிப் வழியே ரவுட் ஆகும் பாக்கெட்டை ஃபயர்வால் விதிகள் பார்க்காது! தடுப்பு தேவைப்படும் போர்ட்டில் மட்டும் ஆஃப்லோடை நிறுத்துங்கள்.

இன்டர்நெட் பக்கத்தை ஆர்பி5009 மாதிரி 4 கோர் ரவுட்டரிடம் விடுவதே நல்லது. இரண்டையும் எஸ்எஃப்பி+ போர்ட்டில் (10 கிகாபிட் போர்ட்) டிஏசி கேபிளால் (இரு முனையிலும் பிளக் பொருத்திய செம்புக் கேபிள்) டிரங்க் (எல்லா விலான்களையும் ஒரே இணைப்பில் கடத்துவது) ஆக்குங்கள், 10 கிகாபிட் கிடைக்கும். சாதா கிகாபிட் கேபிள் போட்டால் அங்கேயே அடைத்துக்கொள்ளும்.