ஓர் ஊரணியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கோஷம் போடவிட்டு, மோர் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஊர்வலத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வரும் பேனரே பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ்தான். பிள்ளைகளுக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே பிடிக்கிறார்கள்.

நான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். நாலாவதிலிருந்து ஒன்பதாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். பூமியைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னால் கொட்டாவி விடுவார்கள். “இந்த ஊரணி உங்களோடது, இதுக்குத் தண்ணி ஏன் வரலன்னு கண்டுபிடிங்க” என்று சொன்னால் ராத்திரி எட்டு மணி ஆனாலும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அதனால் நான் செய்கிற முறையை எழுதுகிறேன். ஆடியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்குள் உருப்படியாக ஏதாவது நடக்கும்.

முதலில் எந்த ஊரணி என்று முடிவு பண்ணுங்கள். செட்டிநாட்டில் ஊரணிக்குப் பஞ்சமில்லை, கோயில் ஊரணி, குடிதண்ணீர் ஊரணி, குளிக்கிற ஊரணி என்று ஊருக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். பெரியதாக, அழகாக இருப்பதைத் தேடாதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் கண்ணில் படுவது போதும். பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் இருவர் துணைக்கு இல்லாமல் யாரும் கரை ஏறக்கூடாது, படிக்கட்டில் இறங்கவே கூடாது. செம்பாறாங்கல் படி பாசி பிடித்திருந்தால் பெரியவர்களையே வழுக்கிவிடும். செருப்பு கட்டாயம். இதில் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது, தண்ணீர் வரும் வழியைத் தேடுவது. என் கணக்கில் மொத்த வேலையில் பாதி இதுதான். நிறையப் பேர் நேராகக் குப்பை பொறுக்கத்தான் ஆரம்பிக்கிறார்கள். குப்பை பொறுக்கிய ஊரணி சுத்தமாக இருக்கும், ஆனால் காய்ந்து கிடக்கும். வரத்துக்கால் திறக்காமல் ஊரணி எப்படி நிறையும்?

வயதானவர்களிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகத் திண்ணைக்குத் திண்ணை அனுப்பி, “அப்பத்தா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கையில இந்த ஊரணிக்குத் தண்ணி எந்தப் பக்கமா வரும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பதில்: “அந்தா, அந்தப் புளியமரத்தடிப் பாலத்துக்குக் கீழதாண்டா வரும். ரோடு போட்டப்ப அடைச்சுட்டாக.” ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். மறுக்கட்டும், இரண்டையும் நோட்டில் எழுதவேண்டும். அதன்பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கெல்லாம் அதில் தனிச் சர்வே எண்ணோடு இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, வரைபடத்தில் கோடு இருக்கிறது, தரையில் சீமைக்கருவேலம்தான் இருக்கிறது. தண்ணீர் உண்மையில் எந்தப் பக்கம் ஓடும்? இதற்குக் கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் பத்து மீட்டர் வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தள்ளி நிற்க வேண்டும். குழாயில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை வரை இரண்டு பேரும் அளக்கிறார்கள். ஒருவருக்கு 90 செ.மீ., இன்னொருவருக்கு 96 என்றால் இரண்டாமவர் நிற்கும் இடம் 6 செ.மீ. பள்ளம். தண்ணீர் அவரை நோக்கித்தான் ஓடும். இப்படியே நடந்து நடந்து அளந்தால் எந்த இடத்தில் மேடு விழுந்து தண்ணீர் திரும்புகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கணக்குப் பாடத்தில் குறைக்குறி ஏன் வருகிறது என்பதும் அப்போதுதான் சிலருக்குப் புரிகிறது. எனக்கு அது கூடுதல் லாபம்.

அடைப்பு ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள்: பாலத்துக்குக் கீழ் கட்டட இடிபாடு, யாரோ வீட்டுக்குப் போக மண் கொட்டிய இடம், கருவேலம் மூடிய இடம். வீட்டுக்காரர் பெயரை எழுதவேண்டாம், இடம் போதும். ஊருக்குள் சண்டை மூட்டுவது பிள்ளைகளின் வேலை இல்லை. கருவேலமும் பிள்ளைகள் வெட்டவேண்டியது கிடையாது. அந்த முள் செருப்பையே துளைத்துவிடும்.

இப்போது மனு. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நமக்கு வேண்டியது ஆகஸ்ட் 15. அக்டோபர் 2-க்கு விட்டால், தீர்மானம் போட்டு ஆள் வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வாக்காளர்கள்தான் சபை உறுப்பினர்கள், அதனால் யாராவது ஒரு அம்மாவின் பெயரில் மனு போகட்டும், பிள்ளைகள் வரைந்த படத்தைப் பின்னால் இணையுங்கள். “ஊரணியைச் சீரமைத்துத் தர வேண்டுகிறோம்” என்று எழுதினால் ஃபைலில் தூங்கும். “இந்தச் சர்வே எண் வாய்க்காலில், புளியமரத்தடிப் பாலத்தின் குழாய் இடிபாட்டால் அடைபட்டுள்ளது, மழைக்கு முன் எடுத்துத் தரவேண்டும்” என்று எழுதுங்கள். சபையில் ஒரு பிள்ளை எழுந்து அதைப் படித்தால் மறுப்பவர்கள் குறைவு. தீர்மான எண்ணைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

குப்பை விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பொறுக்குவதற்கு முன் எண்ணச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டம்ளர், சாப்பாட்டு மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தூக்குப்பை, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீர் பாட்டிலுக்கு எங்கள் பக்கம் தடை இல்லை. தடை உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம் என்று குவித்தால் எது எங்கிருந்து வருகிறது என்று தானாகத் தெரியும். எங்கள் பக்கம் பெரும்பாலும் விசேஷ வீட்டுக் குப்பைதான். முகூர்த்த மாதத்துக்கு முன்பே பிள்ளைகள் அந்த வீடுகளுக்குப் போய், “எவர்சில்வர் டம்ளர் வைங்க, கழுவ நாங்க ஆள் சொல்றோம்” என்று கேட்டால் அதிசயமாகப் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். உடைந்த கண்ணாடியைப் பெரியவர்கள் மட்டும் எடுக்கவேண்டும், இடுக்கியால்.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடி ஆழத்தில் நடலாம். கல்படிக்கும் மின்கம்பிக்கும் தள்ளி நடுங்கள். பருவமழையே தண்ணீர் ஊற்றிவிடும். ஆனால் பனை முளைப்பது வேறு மாதிரி. முளை முதலில் கீழே இறங்கும், மேலே இலை காட்ட மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, தோண்டிப் பார்ப்பார்கள். தோண்டினால் கிடைப்பது கிழங்கு, கிழங்கைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. அதனால் கரைக்கு நடும் அன்றே டியூஷன் வீட்டுக் கொல்லையில் மணல் கலந்த மண்ணைக் குவித்து, மீதிக் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, ஒரு கிழங்குப் பாத்தி போட்டுவிடுங்கள். பாத்தி தின்பதற்கு, கரை மரத்துக்கு.

காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், ஆண் பனையா பெண் பனையா என்பது பூக்கும்வரை தெரியாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, முடையத் தெரிந்த ஆச்சி யாராவது ஊரில் இருந்தால் கூப்பிட்டுக் குருத்தோலையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் எதற்குப் பனை என்று யாரும் கேட்பதில்லை.

மழை தொடங்கியதும் அளவை. நேரான உடல் கொண்ட பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்துச் செருகவேண்டும். அடியில் வளைந்த பகுதி முடியும் வரை சின்னக் கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்து ஸ்கேல் ஒட்டுங்கள். மரம், சுவர் இல்லாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30-க்குப் பார்க்கவேண்டும். வானிலை ஆய்வு மையமும் அந்நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது. பார்த்ததும் பூஜ்யக் கோடு வரை கொட்டிவிடவேண்டும். பேப்பரில் காரைக்குடிக்குப் போட்டிருப்பதும் நம் ஊரில் பெய்ததும் வேறாக இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 25 மி.மீ. என்றால் 5,000 லிட்டர். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, கிடாரத்தில், அதாவது பெரிய அண்டாவில், பிடித்தது போக மீதி தெருக்கால் வழியாக ஊரணிக்குப் போக வேண்டும் என்றுதான் இங்கே வீடு கட்டினார்கள். அந்த 5,000 லிட்டர் இப்போது எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் வேட்டங்குடிக்குக் கூட்டிப் போங்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம், 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவை பயந்துவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளைப் பேசவிடுங்கள், கூடவே நின்று விளக்கவுரை சொல்லாதீர்கள்.

தை பிறந்ததும் பாத்தியைப் பிரிக்கலாம். கிழங்கை மண் போகக் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நடு நரம்பை உருவிவிட்டுக் கொடுங்கள். கூட்டம் மொத்தமாகச் சேர்வது அன்றைக்குத்தான், அதனால் அடுத்த வருஷ நோட்டு யாரிடம் என்பதையும் அப்போதே முடிவு பண்ணிவிடலாம்.