பங்கனப்பள்ளி வைத்தேன், புளிமாங்காய் காய்த்தது

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், தான் வைத்த மாங்கன்றைக் காட்டக் கூட்டிப்போனார். "வெயில்ல கருகிடுச்சுன்னு நெனச்சேன் சார், அடியில எப்படித் துளிர்த்திருக்கு பாருங்க!" தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், செம்பு நிறத்தில், தளதளவென்று ஒரு துளிர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மாதிரித் துளிரைப் பார்த்துப் பூரித்துப்போனவன்தான் நானும்.

வீட்டில் பழமரம் வளர்ப்பதில் நாம் தெரியாமல் செய்யும் தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பது, நிழலில் நடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை வாடுகிற செடியே சொல்லிவிடும்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடி. வேரோடு கீழே இருப்பது கொட்டையில் முளைத்த ஏதோ ஒரு மாங்கன்று. அதன் மேல் கட்டியதுதான் நீங்கள் காசு கொடுத்த பங்கனப்பள்ளி. ஒட்டுக்குக் கீழே ஒரு துளிரை விட்டுவைத்தால் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். மேலே இருப்பது சவலைப்பிள்ளையாகி ஒருநாள் காய்ந்துபோகும். மரம் என்னவோ பச்சைப்பசேலென்றுதான் நிற்கும்.

குரோம்பேட்டையில் நான் வளர்த்தது அப்படித்தான். ஏழு வருஷம். தொழு உரம், வேப்பம்புண்ணாக்கு, கோடையில் லாரித் தண்ணீர். வருகிறவர்களிடமெல்லாம் "பங்கனப்பள்ளி" என்று பெருமை வேறு. ஏழாம் வருஷம் காய்த்தது: கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, பல்லில் சிக்கும் நார், பழுத்தும் புளிப்பு. "ஊறுகாய்க்கு ரொம்ப நல்லா இருக்கே மாப்பிள்ளை" என்றார் மாமியார். இன்னும் ஆறவில்லை.

ஒட்டுப்போட்ட இடம் தண்டில் கணுபோலப் புடைத்து, லேசாகக் கோணியிருக்கும். நடும் அன்றே அங்கே நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்குக் கீழே எது வந்தாலும் இளசிலேயே நிமிண்டி எடுத்துவிட வேண்டும். சப்போட்டாவில் சுலபம், பெரும்பாலும் பாலை மரத்தின்மேல்தான் ஒட்டியிருப்பார்கள், பாலை இலையின் நுனி உள்வாங்கியிருக்கும். மாவில் இரண்டுமே மா இலை, கண் ஏமாறும்.

மேல்பாகம் முழுக்கச் செத்துவிட்டதா? திரும்ப ஒட்டுக்கட்டத் தெரிந்த ஆள் இருந்தால் சரி. இல்லையென்றால் பிடுங்கிவிட்டு வேறு கன்று. தம்பிக்கு மனசு வரவில்லை, "ரெண்டு மாசம் பாக்கலாமே சார்" என்கிறார்.

மண் கொட்டி மேடாக்குவது

சென்னையில் ரோடு போடப் போட வீடு பள்ளமாகும். உடனே ரெண்டு லாரி மண் அடித்துத் தோட்டத்தை உயர்த்துவோம், மரத்தின் கழுத்துவரை. வேருக்குக் காற்று போகாது, பட்டை அழுகும். மரம் உடனே சாகாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழித்துக் கிளை நுனியிலிருந்து காயும். அதற்குள் மண் அடித்ததே மறந்துபோயிருக்கும், பூச்சிமருந்து வாங்க ஓடுவோம். மரத்தைச் சுற்றியாவது அகலமாகப் பழைய மட்டத்திலேயே விட்டுவையுங்கள்.

தினம் ஒரு மக் தண்ணீர்

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் எங்கள் கொய்யா சாய்ந்தது. வேர் முழுக்கப் பாய் விரித்தாற்போல ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடந்தது. மேலாக நனைத்தால் வேரும் மேலாகத்தான் ஓடும். வாரம் ரெண்டு தடவை, குடம் குடமாக.

முதல் வருஷப் பூ

கிள்ளிப் போடுங்கள்.

சுவரோரம் பலா

வேண்டாம்.

பள்ளத்தில் பப்பாளி

ஐப்பசி மழையில் ரெண்டு நாள் தண்ணீர் நின்றால் போச்சு.