தோட்டத்துக்கு மண் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி. அதை 100-ஆல் வகுத்தால் யூனிட். இதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் வரிசையாகச் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில்.

மண் அமுங்குவதைக் கணக்கில் சேர்க்காதது

டிப்பரில் வருவது ஜேசிபி தோண்டிப் போட்ட மண். பொலபொலவென்று இருக்கும். நாலு மழை கண்டதும் அமுங்கும். செம்மண் ஐந்தில் ஒரு பங்கு இறங்குவது சாதாரணம். தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் நிறையக் கலந்திருந்தால், மக்க மக்க இன்னும் இறங்கும்.

போன ஐப்பசிக்கு முன் ஒரு வீட்டில் 20-க்கு 15 அடி இடம், ஒரு அடி உயரம். சரியாக மூன்று யூனிட் இறக்கி, மட்டம் தட்டி, அன்றைக்கே செம்பருத்தி நட்டு, புல்லும் பதித்துவிட்டார்கள். மழை ஓய்ந்தபோது நடைபாதை விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே கிடந்தது தரை. அங்கங்கே குழி, குழியெல்லாம் தண்ணீர். "கணக்கு சரியாத்தானே சார் போட்டோம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். மேலே மண் போட்டால் புல் மூடிப்போகும், செம்பருத்தியின் அடித்தண்டு புதைந்து அழுகும். புல்லைப் பெயர்த்தெடுத்து, முக்கால் யூனிட் மண்ணுக்கு முழு லாரி வாடகை கொடுத்தார்கள். இன்றும் இதே கூத்தைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. முதல் நாளே தவிர்த்திருக்கக்கூடிய செலவு இது.

அந்த 300 கன அடியுடன் 20 சதவீதம் கூட்டி 360 என்று எழுதுவதும் தப்பு. 360-ல் ஐந்தில் ஒன்று அமுங்கினால் மிஞ்சுவது 288. 300-ஐ 0.8-ஆல் வகுங்கள்: 375 கன அடி. அரை அடி உயரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மண் இறங்கி நின்ற பிறகு நடுங்கள்.

'ஒரு லோடு'

வண்டிக்கு வண்டி மாறும். கொட்டுவதற்கு முன் வண்டித் தொட்டியின் உள்நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் எடைக்கு வாங்குவது

வேண்டாம்.

க்ரோ பேக்

12-க்கு 12 அங்குலப் பையை ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் என்று வைத்துக்கொண்டு வாங்கிக் குவிக்கிறார்கள். பை வட்டம், 22 லிட்டர்தான் கொள்ளும். தண்ணீர் நிற்க மேலே இரண்டு அங்குலம் விட்டால் சுமார் 18 லிட்டர்.

மொட்டை மாடி

ஒரு சதுர மீட்டரில் ஓரடி ஈர மண் அரை டன்னுக்குக் குறையாது. பொறியாளரைக் கேட்காமல் மாடியில் பாத்தி கட்டாதீர்கள்.